கடைசியிலிருந்து நாலு கிலோமீட்டர்

மகள் அனுப்பிய பயணத் திட்டத்தில் என் மனைவியின் பெயருக்கு நேரே சக்கர நாற்காலியின் சின்னப் படம் ஒன்று இருந்தது. விமான நிலையம், படகுத்துறை, மறுபடி படகுத்துறை, மறுபடி விமான நிலையம் என்று நான்கு இடங்களில். அந்தமானில் ஐந்து நாள், மூத்த குடிமக்களுக்கான தனித் தொகுப்பு. எதைப் பார்ப்பதற்கும் நூறு அடிக்கு மேல் நடக்க வேண்டியிருக்காது என்று அதில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

மனைவிக்கு இடது முழங்கால் மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. இடையில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு விமானத்தில் போனோம். அன்று அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் சீருடைக்காரர்கள் அவள் தலைக்கு மேலாகப் பார்த்து என்னிடம் கேட்டார்கள்: "இவங்க பேரு என்ன சார்?" முப்பத்தொரு வருஷம் தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்த்தவள் அவள். அங்கே அவளுடைய கையெழுத்துக்காக ஆட்கள் நின்றுகொண்டு காத்திருப்பார்கள்.

"பேரு கேக்கறதுக்குக்கூட என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறான்" என்றாள் அன்று. அதனால் திட்டத்தைப் பார்த்தவுடன் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"இந்த நாற்காலியை எடுத்துடு."

"அம்மா, ப்ளீஸ். சேஃப்டிக்காக்கும்."

"ஒரே ஒரு பாதை. கடலோரமா, நானே நடந்து முடிக்கறேன். முடியலைன்னா அப்பறம் நீ எங்கே நாற்காலி போட்டாலும் வாயைத் திறக்காம உக்கார்றேன்."

"எங்கேன்னாலும்?"

"எங்கேன்னாலும்."

"பாதி தூரம் போயிட்டு, கால் வலிக்கறது, இது மதி, போறும்னு சொல்லப்படாது. முழுசா."

"முழுசாத்தான்."

"அப்பா, கேட்டேளா? நீங்கதான் சாட்சி" என்றாள் மகள்.

சாட்சிக்குப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் சேர்ந்து வந்தது. நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் திருவனந்தபுரம் பதிப்பில் இருபத்தாறு ஆண்டு துணையாசிரியராக இருந்தவன். பிறர் எழுதியதை வெட்டுவதுதான் என் பிழைப்பு. தீவுகளின் கடலோர நடைபாதைகள் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் ஆரியசாலையில் ஒரு கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பதினோரு பக்கம் இருந்தது. 'மூச்சடைக்க வைக்கும்', 'பூலோக சொர்க்கம்', 'வாழ்நாளில் ஒருமுறையேனும்' எல்லாம் போன பிறகு அரைப் பக்கம் மிஞ்சியது. ஒரே புகைப்படத்தை மூன்று பாதைகளுக்குப் போட்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் இடம் வலம் மாற்றியிருந்தார்கள். படத்தில் நின்ற படகின் பதிவெண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்ததால் கண்டுபிடித்தேன்.

அந்த அரைப் பக்கத்தையும் மனைவி வாங்கிப் படித்தாள்.

"ஏன்னா, கடல் என்ன கலர்னு இத்தனை பேர் எழுதியிருக்கான். உக்காரறதுக்கு எங்கே எடம் இருக்குன்னு ஒருத்தன் எழுதலையே. கால் வெக்கற எடம் மணலா, பாறையா, சேறா?"

நல்ல கேள்வி. ஒரு செய்தியாளர் அதைக் கேட்காமல் வந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். மறுபடி தேடினேன். இம்முறை கட்டுரைகளை விட்டுவிட்டு, போய்வந்தவர்கள் எழுதியிருந்த புகார்களை மட்டும் படித்தேன். 'செருப்பு சேற்றில் போய்விட்டது', 'என் அம்மா பாதியில் திரும்பிவிட்டார்', 'நிழலே இல்லை, ஏமாற்றம்.' புகார் எழுதுகிறவர்கள்தான் நேர்மையான நிருபர்கள். ஒரு மாலைக்குள் மூன்று பாதைகள் தெளிவாகிவிட்டன.

முதலாவது, காட்டுக்குள் நுழைந்து கடற்கரையில் முடிவது. இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் பாதி தூரம் சேறு. இரண்டாவது, மரங்களுக்கும் கடலுக்கும் நடுவில் நேராக நீளும் மணல். மேடு பள்ளம் இல்லை, ஆனால் பொதபொதவென்று கால் புதையும் மணல். மூன்றாவது நாலு கிலோமீட்டர். முதலில் கொஞ்ச தூரம் மணல், நடுவில் ஒரு குன்றின் அடியில் பாறைகள், பிறகு மேடேறி ஒரு கடல்முனையில் முடியும். பாறைப் பகுதியில் கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே நடக்க முடியும்.

இந்த விவரங்களை உள்ளூர் அளவுகளுக்கு மாற்றுவது அடுத்த வேலை. வலியசாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் காலையில் ஸ்கூட்டரில் மியூசியம் வளாகத்துக்குப் போய் நடப்பது வழக்கம். இந்த நகரத்தில் நடக்கிறவர்களிடம் கிலோமீட்டர் சொன்னால் யோசிப்பார்கள். மியூசியத்தில் எத்தனை சுற்று என்றால் உடனே புரியும். எங்கள் சுற்று, குறுக்குவழிகளோடு, முக்கால் கிலோமீட்டர். ஆக மூன்றாவது பாதை ஐந்து சுற்றும் கொஞ்சமும். திரும்பி வரவும் அதே அளவு. மனைவி அப்போது நாலு சுற்று நடந்துகொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றின் முடிவில் ஒரு குறிப்பிட்ட பெஞ்சில் உட்காருவாள்.

தரையைச் சோதிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மணலுக்காகச் சங்குமுகம் போனோம். அங்கே கடல் கரையைத் தின்று வருகிற வேகத்தில், நடந்து பார்க்க மணலைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்த இடத்தில் இருநூறு அடி நடந்துவிட்டு, "இது வேண்டாம். கால் உள்ளே போறது, முட்டி வெளியிலே போறது" என்றாள். இரண்டாவது பாதையை அடித்தேன். வர்க்கலையில் குன்றின் மேல் விளிம்போடு நடந்து, படிகளில் இறங்கி, ஏறினோம். மழை பெய்து செம்மண் வழுக்கியது. அங்கே முதலாவது பாதை போனது. மூன்றாவது ஞாயிறு கோவளம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் இருக்கின்றன. என் மனைவி பாறையில் நன்றாக நடக்கிறாள் என்பது எங்கள் இருவருக்குமே அன்றுதான் தெரிந்தது. பாறை அசையாது, புதையாது, வைத்த இடத்தில் கால் நிற்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்த பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்: "ஏறினா நல்ல கால், எறங்கினா புதுக் கால்."

கையில் அவளுடைய காலன் குடை. வளைந்த கைப்பிடியுள்ள நீளமான கறுப்புக் குடைக்கு இங்கே அதுதான் பெயர். மகள் மடக்கு ஊன்றுகோல் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். அது அலமாரியில் இருந்தது. "குடைன்னா மழைக்குன்னு நெனைச்சுப்பா. கோல்னா காலைப் பார்ப்பா" என்பது மனைவியின் வாதம்.

மூன்றாவது பாதை முடிவானதும் மியூசியத்தில் செய்தி பரவியது. எங்களோடு நடக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எதற்கும் கருத்துச் சொல்வார்.

"ஆண்டமானிலோ? சேச்சி, அவிடெ நல்ல அட்டயுண்டு கேட்டோ" என்று அட்டைப் பூச்சிகளைப் பற்றி எச்சரித்துவிட்டு, நேரத்தையும் அவரே குறித்துக் கொடுத்தார். "வைகுன்னேரம் போணம். வெயிலும் காணில்ல, சன்செட்டும் காணாம்." மாலையில் போனால் வெயிலும் இருக்காது, சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம் என்றார். சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நாங்களும்தான்.

கடல் வற்றும் அட்டவணையைப் பார்த்தேன். அந்தப் பாதை இருக்கும் தீவில் நாங்கள் தங்கப்போகும் முதல் நாள் மாலை நாலு மணிக்குக் கடல் மிகவும் வற்றியிருக்கும். மறுநாள் இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஆக முதல் நாள். மூன்று மணிக்குக் கிளம்பி நாலரைக்கு முனை. அரை மணி ஓய்வு. ஆறரைக்குள் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

பயணத்தில் சொல்ல அதிகம் இல்லை. இரவெல்லாம் விழித்து, விமானம் மாறி, காலையில் அந்தமானின் தலைநகரில் இறங்கினோம். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர்கள் எழுந்தபோது மணி ஏழு, இருட்டியிருந்தது. ஏழு மணிக்கு இருட்டுவதில் என்ன வியப்பு? மறுநாள் காலை ஆறு மணிக்கே ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. "தீவு வெயில்" என்றேன் விவரம் தெரிந்தவன்போல. படகேறி அந்தத் தீவுக்குப் போய், மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குப் பாதையின் தொடக்கத்தில் நின்றோம். தகர ஷீட் போட்ட ஓர் இளநீர்க் கடை இருந்தது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டதும் தமிழில் பேசினாள். அவளுடைய தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

"எங்க, முனைக்கா? இப்பவா?"

"ஆமாம். சூரிய அஸ்தமனம் பார்த்துட்டு வரலாம்னு" என்றேன்.

அவள் இளநீர் சீவுவதை நிறுத்தினாள். "அஸ்தமனமா? சூரியன் அந்தா மலைக்குப் பின்னாலல்ல விழும்? இது கெழக்குக் கடலு சார். அதுவும் அஞ்சேகாலுக்கெல்லாம் போயிரும். மலை நெழலு அதுக்கு முன்னயே விழுந்துரும்."

நான் கடலைப் பார்த்தேன். வெயில் எங்கள் முதுகில் அடித்தது. எங்கள் நிழல்கள் கடலை நோக்கி விழுந்திருந்தன. அவ்வளவு நேரம் கண்ணுக்கு முன்னால் கிடந்த தகவல்.

இருபத்தாறு ஆண்டு, தினமும், இரண்டாம் பக்கத்தின் கீழ் மூலையில் சூரிய உதயம், அஸ்தமனம் என்ற பெட்டியை வைத்தவன் நான். ஒருநாளும் அதை மறந்ததில்லை. அது திருவனந்தபுரத்துக்கான நேரம் என்பதை மட்டும் மறந்துபோனேன். நாடு முழுக்க ஒரே கடிகாரம். சூரியனுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. எங்கள் ஊரில் கடல் என்றால் மேற்கு, மாலை என்றால் கடல். பொறியாளர் உட்பட மியூசியத்தில் ஒருவருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

"என்னன்னா இது" என்றாள் மனைவி. அவ்வளவுதான். திட்டவில்லை. செருப்புக் கடையில் தேடித் தேடி வாங்கிய கான்வாஸ் ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

கணக்கு எளிது. போகவும் வரவும் எட்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் வேண்டும். வெளிச்சம் இரண்டேகால் மணி நேரம் இருந்தது. நாளை கடல் நேரம் ஒத்துவராது, மறுநாள் காலையில் படகு. பாதியில் திரும்பினால், மகள் கேட்டுவைத்திருந்தபடி, அது முழுசு ஆகாது.

"பாதி தூரம் போயிட்டு வரலாமே" என்றேன்.

"பாதி போறதுக்கா மூணு ஞாயித்துக்கெழமை அலைஞ்சோம்?"

கடைக்கார அம்மா இளநீரை நீட்டினாள். "முனையைப் பாக்கணும்னா ஆட்டோல போங்களேன். அந்தப் பக்கம் ஊரு இருக்கு, ரோடு இருக்கு. இருவது நிமிசந்தான்."

அந்த அரைப் பக்கத்திலும் பதினோரு பக்கத்திலும் எங்கேயும் இல்லாத செய்தி இது. நாலு கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி என்று எல்லாரும் எழுதியிருந்த இடத்துக்கு ஆட்டோ போகிறது. மனைவியின் முகத்தில் முதலில் அவமானம் தெரிந்தது. பிறகு இளநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.

"ஆட்டோல அங்கே போயிட்டு, நடந்து இங்கே வந்தா?"

"அது..." என்றேன்.

"அதே பாதைதானே? நாலு கிலோமீட்டரும் உண்டோ இல்லையோ? கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கறோம், அவ்வளவுதான். நீங்கதானே சாட்சி, சொல்லுங்கோ."

கோவில் திருவிழாச் செய்திகளில், வந்திருந்த பிரமுகர்களின் பட்டியலுக்குக் கீழே, கடைசிப் பத்தியில்தான் யானை மிரண்ட விவரம் இருக்கும். அதைத் தூக்கி முதலில் வைப்பது என் தினசரி வேலை. ஆனாலும் இது எனக்குத் தோன்றவில்லை. செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். மகளைக் கேட்கலாமென்றால் கைப்பேசியில் சிக்னல் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

கடைக்கார அம்மா சாலைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். ஆட்டோ வந்தது. மூன்று முப்பத்தாறுக்கு முனையில் இறங்கினோம். படங்களில் பார்த்த இடம்தான். இடம் வலம் மாறாமல் இருந்தது. ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. மனைவி அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இறக்கத்தில் குடையை ஊன்றினாள்.

முதல் அரை மணி சுலபம். புல் மண்டிய சரிவு, பிறகு வேர்களின் மேல் இறக்கம். "எறங்கினா புதுக் கால், எறங்கினா புதுக் கால்." நான் முன்னால் போகக்கூடாது, பின்னால் வர வேண்டும், கை நீட்டக்கூடாது என்று மூன்று விதிகள். நாலு ஐந்துக்குப் பாறைகளை அடைந்தோம். கடல் பின்வாங்கிக் கிடந்தது. கோவளத்துப் பாறைகள் வழவழப்பானவை. இவை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையானவை, பிடிப்பு அதிகம், விழுந்தால் கிழிக்கும். ஓட்டைகளில் தேங்கிய நீரில் சின்ன நண்டுகள் எங்களைக் கண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. அவள் ஓரிடத்தில் நின்று கணுக்கால் நனைய ஒரு நீல நிற மீனைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பத்திரிகை அச்சுக்கு நேரமாயிடுத்தோ? இருங்கோ" என்றாள்.

நாலு முப்பத்தைந்துக்கு மலையின் நிழல் எங்கள் மேல் விழுந்தது. கடல் மட்டும் இன்னும் வெயிலில் பளபளத்தது. பாறைகள் முடியும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெட்டு. கீழே மணல். இந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அது இறக்கம். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் ஏறியிருக்க வேண்டும். அவள் குடையைக் கீழே விட்டு ஆழம் பார்த்தாள். ஒரு காலை நீட்டினாள், எட்டவில்லை. என் கை தானாக நீண்டது.

"கை வேண்டாம்."

"இதுல என்ன ரோஷம்? யார் பார்க்கப் போறா?"

"நீங்க பார்ப்பேள். அவ கேட்டா சொல்லிடுவேள்."

சாட்சி கையை இழுத்துக்கொண்டான். அவள் பாறை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பின்னால் ஊன்றி, சறுக்குப் பலகையில் இறங்குவதுபோல் இறங்கினாள். சுடிதாரின் பின்பக்கம் ஒரு சாண் கிழிந்தது. இறங்கி நின்றதும் இடது முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "இருக்கு" என்றாள்.

கடைசி ஒன்றேகால் கிலோமீட்டர் மணல். நான் பயந்தது அதற்குத்தான். கடல் வற்றியதால் ஈரமணல் அகலமாக, சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. ஆனால் கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் யானையளவு பருமனான மரம் ஒன்று வேரோடு குறுக்கே விழுந்து கிடந்தது. கரைப் பக்கம் முள்ளும் புதரும். தாண்டிக் குதிக்க முடியாது. கடல் பக்கம் சுற்றினால் முழங்கால் வரை தண்ணீர். அவள் கேட்காமலே தண்ணீரில் இறங்கினாள். அங்கேதான் வலித்தது என்று நினைக்கிறேன். அலை பின்வாங்கும்போது மணல் காலடியில் கரைந்தது. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்று அலைகளுக்கு அசையாமல் நின்றாள். உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. நாலாவது அலை போனதும் நடந்தாள். அதற்குப் பிறகு நொண்டினாள், ஆனால் வேகம் குறையவில்லை. வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிட்டது. தகரக் கூரை தெரிந்தபோது மணி ஐந்து பத்து.

கடைக்கார அம்மா மிச்சமிருந்த இளநீர்க் குலைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "வந்துட்டீகளா? நல்லாருக்கீகளா?" என்று மட்டும் கேட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். மனைவி உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினாள். கடைக்கார அம்மா கதவுக்குப் பூட்டுப் போட்டாள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், டார்ச்சை எடுத்தாள்.

"நாற்காலி அங்கனயே கெடக்கட்டும். நான் வரேன்."

"எங்கே கெளம்பிட்டேள்? இந்தப் பக்கமா?"

"ஆமா. வீடு முனைக்கு அந்தப் பக்கந்தான். தெனமும் இப்படித்தான் போவேன். தண்ணி ஏறுச்சுன்னா மேல மரத்துக்குள்ளாற ஒரு தடம் இருக்கு." ரப்பர் செருப்பில் சரக் சரக்கென்று அவள் ஈரமணலில் போனாள். டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கிழிந்த சுடிதாரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சாலைக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது மகள் கூப்பிட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, என்னாச்சு? முழுசா?"

"முழுசா. நாலு கிலோமீட்டர். கை கொடுக்கலை" என்றேன். ஆட்டோவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதை நானே சொல்லிக்கறேன்" என்று மனைவி போனை வாங்கினாள். "கேளு. மொதல்ல ஆட்டோல போனோம். கோச்சுக்காதே, பாதை பூராவும் நடந்தாச்சு. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த மேல் தடம் எத்தனை தூரம்னு நாளைக்கு அந்த அம்மாகிட்டக் கேக்கணும். நாளைக்குத் திட்டத்துல போட்டிருக்கற கண்ணாடி அடிப் படகு சவாரி வேண்டாம், நடக்கப் போறோம்னு உன் டூர் கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லிடு."